கூட்டினுள் புள்ளடி இடுக

ஒட்டுசுட்டான் சந்தியில்
போட்டோக் கொப்பி பக்கம் பதினைந்து ரூபாய்,
படிவம் நிரப்ப நூறு.
காணி, அடையாள அட்டை, மரண அத்தாட்சி
எல்லாம் எழுதிப் பழகிய கை.
பூனைக்கு எழுதியது
இந்த வைகாசியில்தான்.

அரிசி மில் யோகமலர் கொண்டுவந்தாள்.
பூனையின் பெயர் பவுண்.
பவுண் நிறம் இல்லை,
காய்ந்து விழுந்த இலுப்பை இலை நிறம்.
முன்னங்காலில் இரண்டு கறுப்பு வரி.
காது நுனியில் குஞ்சம்.
வால்
பாதியிலேயே முடிந்துவிட்டது.

தாய், மில்லுக்குப் பின்னால் தவிடு மணந்து திரிந்த
வெள்ளைப் பூனை.
தகப்பனை ஒருவரும் காணவில்லை.
முத்தையன்கட்டு வாய்க்கால் பக்கம்
இரண்டு இரவு ஒரு குரல் கேட்டதாம்.
நாய்கள் குரைக்கவில்லையாம்.

போன வருசம்
முழுக் காட்டுப்பூனைக்கு மட்டும் உரிமம்.
தையில் திருத்தினார்கள்:
கலப்பென்றால் மூன்றாம் தலைமுறை வரை.
பங்குனியில் திருத்தத்தைத் திருத்தினார்கள்:
ஐந்தாம் தலைமுறை வரை,
ஏற்கெனவே வளர்ப்போர் தொண்ணூறு நாளுக்குள்.
அதில் அறுபத்தெட்டு நாள்
கடிதம் முல்லைத்தீவில் கிடந்தது.

பன்னிரண்டடிக்கு எட்டடி அடைப்பு,
சீமெந்துத் தரை, இரட்டைக் கதவு.
ஒன்றைச் சாத்தினால்தான்
மற்றது திறக்க வேண்டும்.
யோகமலர் சிரித்தாள்.
"வீட்டுத்திட்டத்தில எனக்கே
ஒரு கதவுதான் தந்தவை.
மற்றதுக்கு இன்னும் தகரம்தான் சாத்திக் கிடக்கு."

உரிய கூட்டினுள் புள்ளடி இடுக.
ஆண். பெண்.
இட்டேன்.
தந்தையின் பெயர், நிரந்தர முகவரி,
இறந்திருப்பின் அத்தாட்சி இணைக்க.
இந்த வரியில் பேனை நிற்கும்.
ஆட்களுக்கு எழுதும்போதும் நிற்கும்.
தெரியாது என்று எழுதினால் திரும்பி வரும்,
வெறுமையாய் விட்டாலும் வரும்.
காடு என்று எழுதினேன்.

இருபதாம் நாள் பதில் வந்தது:
காடு திணைக்களத்துக்குரியது.
ஆகவே மேற்படி விலங்கின்
தந்தைவழிப் பாதி அரசுடைமை.
விண்ணப்பதாரி எந்தப் பாதிக்கு
உரிமம் கோருகிறார் என்பதைத்
தெளிவுபடுத்துக.

இன்னொருக்கா வாசி என்றாள்.
வாசித்தேன்.
"அப்ப பிடிக்கிற எலியிலயும்
பாதி கட்ட வேணுமோ?"
பிறகு கையெழுத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.
அவளுடைய மேட்டுக்காணிக்குள்
எல்லைக்கல் நட்ட கடிதத்திலும்
இதே சுழிதான்.

ஆனியில் பரிசோதகர் வந்தார்.
றிஸ்வான், செட்டிகுளத்துப் பொடியன்,
மோட்டார் சைக்கிளில் அளவு நாடாவும் தராசும்.
பவுண் போய் மூன்று நாள்.
பிளேன்ரீ குடித்தார்,
மில்லை அளந்தார்,
கடைசியில்
தவிட்டில் பதிந்திருந்த ஒற்றைக் காலடியை
குனிந்து வெகுநேரம் அளந்தார்.
விலங்கு சமுகமளிக்கவில்லை
என்று எழுதினார்.

போகும்போது மெல்லச் சொன்னார்,
ஆவணியில் திரும்பவும் மாறுமாம்.
தலைமுறைக் கணக்குப் போய்
நிறைக் கணக்கு வருமாம்.
ஐந்து கிலோவுக்குக் கீழே ஒன்றும் தேவையில்லை.
"சாப்பாட்டைக் கொஞ்சம் குறையுங்கோ."

குறைத்துப் பார்த்தாள். பவுண் ஊதியது.

இன்று காலை கடை திறந்தேன்.
மிசினுக்குக் கீழே
பிழையாய் அடித்துக் கழித்த தாள்களின் மேல்
நாலு குட்டிகள்.
மூன்று வெள்ளை.
ஒன்றுக்கு மட்டும் காலில் வரி,
மை காயாத மாதிரி.
பவுண் என்னைப் பார்த்தது,
பிறகு பார்க்கவில்லை.

ஓய்வூதியப் படிவத்தோடு ஒருவர் வந்தார்.
கரண்ட் இல்லை என்று
எதிர்க்கடையைக் காட்டினேன்.
தலைக்கு மேலே
காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.